கால்சியம் உடைகிறது, கரைவதில்லை: இதயக் குழாய்க்குள் அதிர்வலை சிகிச்சை

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஆஞ்சியோகிராம் முடித்து வெளியே வரும் குடும்பங்கள் சில ஆண்டுகளாக ஒரு புதிய செய்தியோடு ஊர் திரும்புகின்றன. "அடைப்பு இருக்கிறது" என்பதோடு மருத்துவர் நிறுத்துவதில்லை. "அடைப்பில் கால்சியம் கெட்டியாகப் படிந்திருக்கிறது. சாதாரண பலூனுக்கு விரியாது. ஷாக்வேவ் பலூன் தேவைப்படலாம், செலவு கூடும்" என்கிறார். முடிவு சொல்ல ஓரிரு நாள் அவகாசம் தருகிறார். அதற்குள் மன்னார்குடி மருமகனுக்கும் சிங்கப்பூர் மகனுக்கும் போன் போகிறது. கூட்டுறவு வங்கியில் நகையை வைக்கலாமா என்ற பேச்சு எழுகிறது. "நெஞ்சில் கரண்ட் வைப்பார்களோ?" என்று வீட்டு அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது.

ஷாக்வேவ், அதாவது அதிர்வலை பலூன், நல்ல கருவி. ஏற்ற நோயாளிக்குப் பயன்படுத்தினால் மிக நல்ல கருவி. ஆனால் இது என்ன செய்கிறது என்பதில் ஊரில் பெருங்குழப்பம் இருக்கிறது. "அதிர்வலை விட்டு அடைப்பைக் கரைத்துவிடுவார்களாம்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அதிர்வலை எதையும் கரைப்பதில்லை. கால்சியத்தை வெளியே எடுப்பதும் இல்லை. இருந்த இடத்திலேயே அதில் விரிசல் விழச் செய்கிறது. அடுத்து வைக்கப்போகும் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலை) முழுமையாக விரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

கால்சியம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்கலாம். கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர்போன மண் இது. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்துப் போடும் பழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. குழாயில் கால்சியம் என்றதும் வெற்றிலைப் பெட்டியின் மேல்தான் முதல் பழி விழுகிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரைச் சொல்கிறார்கள். இன்னும் சிலர் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் காரணம் இல்லை. வெற்றிலையோடு சேரும் புகையிலை மட்டும் வேறு கணக்கு. அது ரத்தக்குழாய்க்குப் பகைதான், அதை விடத்தான் வேண்டும்.

உண்மையில் நடப்பது இது. ரத்தக்குழாயின் சுவருக்குள் கொழுப்பு படிகிறது. அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடிக்கிறது. அந்தச் சூழலில் சுவரின் தசைச் செல்கள் மெல்ல மெல்ல எலும்பை உருவாக்கும் செல்களின் குணத்தைப் பெற்றுவிடுகின்றன. எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட் சுவருக்குள்ளேயே படியத் தொடங்குகிறது. வயது ஏற ஏற இது எல்லோருக்கும் ஓரளவு நடக்கும். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, புகைபிடித்தல் ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் பாஸ்பேட் தேங்குவதால், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நாற்பதுகளிலேயே குழாய்கள் கெட்டித்துப்போவதைக் காண முடிகிறது.

டெல்டாவுக்கு இது ஏன் இவ்வளவு நெருக்கமான செய்தி என்பதை ஒரு கணக்கு சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏறத்தாழ 10 கோடிப் பேர். காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அது 26.3 விழுக்காடு, நான்கில் ஒருவருக்கு மேல். பதினைந்து இருபது ஆண்டுகள் சர்க்கரையோடு வாழ்ந்தவரின் இதயக் குழாயைப் படம் பிடித்தால் கால்சியம் தெரிவதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் பெரியப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தபோது, அதன் பதிவை மருத்துவர் திரையில் ஓட்டிக் காட்டினார். "தம்பி, இன்னும் மருந்தே செலுத்தவில்லை. இங்கே பாருங்கள்" என்றார். சாயம் போவதற்கு முன்பே, குழாய் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான இரண்டு கோடுகள் இணையாகத் தெரிந்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை சேர்ந்து அசைந்தன. அதுதான் சுவரில் இருந்த கால்சியம். எலும்பைப் போலவே எக்ஸ்ரேயில் நிழல் விழுத்துகிறது. பிறகு சாயம் பாய்ந்தது. கோடுகளுக்கு நடுவே ரத்தம் செல்லும் வழி நூலிழையாக ஓடியது. அடுத்த பதிவில் ஒரு சாதாரண பலூனை உள்ளே வைத்து ஊதியிருந்தார்கள். இரு முனைகளும் உப்பி, நடு மட்டும் இறுகி, பலூன் உடுக்கை வடிவத்தில் நின்றது. அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட முனைகள் பருத்தனவே தவிர, இடுப்பு அசைந்துகொடுக்கவில்லை.

அந்த இடுப்புத்தான் பிரச்சினையின் மையம். அந்த நிலையில் ஸ்டென்ட்டை வைத்துவிட்டால் அதுவும் அதே வடிவத்தில்தான் நிற்கும். உலோக வலை சுவரோடு ஒட்டாமல் நடுவில் குறுகிக் கிடக்கும். அப்படிக் கிடக்கும் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பு வரும் ஆபத்தும், சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடுதல். வைத்த ஸ்டென்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது. இன்னும் பலமாக ஊதினால் என்ன என்று தோன்றும். பலூன் எளிதாகப் போகும் பக்கமே விரியும். கால்சியம் குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், எதிர்ப்பக்கத்து மென்மையான சுவர்தான் இழுபட்டுக் கிழியும். ஆகவே ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே கால்சியத்தை வளைந்துகொடுக்க வைத்தாக வேண்டும்.

இதற்கு இதய மருத்துவர்கள் பல ஆண்டுகள் வழி தேடினார்கள். 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயக் குழாய் அடைப்பைப் பலூனால் விரித்தார். 1986இல் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. கால்சியம் அன்று முதலே முட்டுக்கட்டைதான். வைரத்துகள் பதித்த நுண்ணிய முனையை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சுற்று வேகத்தில் சுழற்றிக் கால்சியத்தைத் தேய்த்தெடுக்கும் ரோட்டாபிளேட்டர் 1990களில் நடைமுறைக்கு வந்தது. பெரிய வசதிதான் அது. இன்றும் அதற்கு மாற்றில்லாத இடங்கள் உண்டு. ஆனால் கைதேர்ந்தவர்கள் கையில்தான் அது அடங்கும். தவிர, முனை உரசிச் செல்லும் உட்பரப்பைத்தான் அது தேய்க்கும். சுவரின் ஆழத்தில் கிடக்கும் கால்சியத்தை அது அதிகம் தொடுவதில்லை.

அதிர்வலை யோசனை வந்தது சிறுநீரகக் கல் சிகிச்சையிலிருந்து. 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில், வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை முதன்முதலாக உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானத் தயாரிப்பு நிறுவனம். அந்தக் கருவியை ரத்தக்குழாய்க்குள் நுழையும் அளவுக்குச் சுருக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கலிபோர்னியாவின் ஷாக்வேவ் மெடிக்கல் நிறுவனம் முதலில் கால் குழாய்களுக்கும் பிறகு இதயக் குழாய்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. இதயத்துக்கான கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021 பிப்ரவரியில் ஒப்புதல் தந்தது. 2024இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்த நிறுவனத்தையே ஏறத்தாழ 1,300 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் விளம்பரமும் வேகமாகத்தான் ஓடும் என்பதை நாம் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

செய்முறையைப் பார்ப்போம். நோயாளி விழித்தே இருக்கிறார். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமன் உள்ள குழாய் வழியாக, மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்துகிறார்கள். அந்தக் கம்பியின் மேல் 12 மில்லிமீட்டர் நீளப் பலூன் போகிறது. அதற்குள் உப்புநீரும் சாயமும் கலந்த திரவம். திரவத்துக்கு நடுவே மின்பொறி உண்டாக்கும் நுண்ணிய முனைகள். பலூனை 4 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டும் ஊதுகிறார்கள். சாதாரணமாக ஸ்டென்ட் பலூன்களை ஊதும் அழுத்தத்தோடு பார்த்தால் இது மிகக் குறைவு. சுவரை நெருக்குவதற்காக அல்லாமல், அலை கடத்தப்படுவதற்காகவே பலூன் சுவரைத் தொட வேண்டியிருக்கிறது. பிறகு வினாடிக்கு ஒரு பொறி வீதம் பத்து பொறிகள். ஒவ்வொரு பொறியும் திரவத்தில் ஒரு துளியை ஆவியாக்கிக் குமிழியை எழுப்புகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 50 வளிமண்டல அழுத்தமுள்ள அலை கண நேரம் பாய்கிறது.

அந்த அலை திரவத்தையும் மென்மையான திசுவையும் பெரிதாகச் சேதப்படுத்தாமல் கடந்துவிடும். கெட்டியான கால்சியத்தில் நுழையும்போதும் அதை விட்டு வெளியேறும்போதும்தான் அழுத்தமும் இழுவிசையும் மாறி மாறி ஏற்பட்டு விரிசல் விழுகிறது. சுவரின் ஆழத்தில் உள்ள கால்சியத்தையும் அது எட்டுவது இதனால்தான். பத்து பொறி முடிந்ததும் பலூனை 6 அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, சுருக்கி, ரத்தம் ஓட இடம் தருகிறார்கள். பிறகு மீண்டும் பத்து. முதலில் வந்த வகைப் பலூனில் மொத்தம் 80 பொறிகள் வரை விடலாம். பெரியப்பாவின் பதிவில் சில சுற்றுகளுக்குப் பிறகு அந்த இடுப்பு சட்டென்று விரிந்தது. முன்பு பலமான அழுத்தத்துக்கும் அசையாத இடம் அது.

மின்பொறி பலூனுக்குள்ளேயே நிற்பதால், இதயம் நின்றுபோனவருக்குக் கொடுக்கும் ஷாக்கோடு இதற்கு உறவே இல்லை. பலூன் ஊதியிருக்கும் சில வினாடிகளுக்கு ரத்த ஓட்டம் தடைபடுவதால் நெஞ்சு கனக்கலாம், ரத்த அழுத்தம் சற்று இறங்கலாம். சிலருக்கு ஒவ்வொரு பொறிக்கும் இதயம் ஒரு கூடுதல் துடிப்பு துடிக்கும். பொறி நின்றதும் அதுவும் நின்றுவிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குழாய்ச் சுவர் கிழிதல், துளை விழுதல் போன்ற ஆபத்துகள் அரிது. ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆதாரம் எவ்வளவு? ஒப்புதலுக்கு அடிப்படையாக அமைந்த டிஸ்ரப்ட் கேட்-3 ஆய்வு 2020இல் வெளியானது. நான்கு நாடுகளில் 384 பேர். சிகிச்சை வெற்றி 92.4 விழுக்காடு, 30 நாள்களுக்குள் இதயக் காரணத்தால் இறப்பு, மாரடைப்பு, அதே குழாய்க்கு மறுசிகிச்சை எதுவும் இல்லாதவர்கள் 92.2 விழுக்காடு. கடுமையான கால்சியம் உள்ளவர்களில் இது நல்ல முடிவு. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரோட்டாபிளேட்டரோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ரோட்டா-ஷாக் என்ற 70 பேர் ஆய்வில், ஸ்டென்ட் விரிந்த பரப்பளவில் அதிர்வலை அதற்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. மேலானது என்று நிரூபணம் ஆகவில்லை. இன்னொரு பாடமும் இருக்கிறது. சுழன்று தேய்க்கும் மற்றொரு கருவியைச் சாதாரண பலூன் முறையோடு ஒப்பிட்ட எக்லிப்ஸ் ஆய்வு, 2,005 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டது. கடும் கால்சியம் உள்ளவர்களுக்கும் அந்த விலையுயர்ந்த கருவியால் ஓராண்டு முடிவில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அது அதிர்வலைக் கருவியைப் பற்றிய ஆய்வு இல்லை. இருந்தாலும், கால்சியம் என்றாலே சிறப்புக் கருவி என்ற அவசர முடிவுக்கு அது தடை போடுகிறது.

யாருக்குத் தேவை என்பதைக் குழாய்க்கு உள்ளே பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆஞ்சியோகிராம் வெளிக்கோட்டை மட்டும் காட்டுகிறது. ஓ.சி.டி. என்ற ஒளிப்படக் கருவியோ, ஐவஸ் என்ற ஒலி அலைக் கருவியோ குழாய்க்குள் சென்று, கால்சியம் எத்தனை பாகை சுற்றியிருக்கிறது, எவ்வளவு தடிமன், எவ்வளவு நீளம் என்பதைக் காட்டிவிடும். பாதிச் சுற்றுக்கு மேல் வளைத்து, அரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாமல் போகும் ஆபத்து அதிகம் என்பது மருத்துவர்கள் கையாளும் அளவுகோல். இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. என்னைக் கேட்டால், குடும்பங்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுதான் தலையாயது. அடைப்பு மிகக் குறுகலாக இருந்து அதிர்வலை பலூனே உள்ளே போக முடியாவிட்டால், ரோட்டாபிளேட்டரால் வழி செய்துவிட்டுப் பிறகு பலூனை அனுப்புவதும் உண்டு.

அதற்கும் முந்தைய கேள்வி, ஸ்டென்ட்டே தேவையா என்பது. நிலையாக இருக்கும் நெஞ்சுவலிக்கு மருந்தோடு ஸ்டென்ட்டையோ பைபாஸையோ சேர்ப்பதால் இறப்பு குறைகிறதா என்று 5,179 பேரிடம் பார்த்த இஸ்கீமியா ஆய்வு, குறையவில்லை என்று 2020இல் சொன்னது. வலி குறைந்து வாழ்க்கை இலகுவாவது உண்மை. வரப்பில் பத்தடி நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் மனிதருக்கு அந்த இலகு மிகப் பெரியது. சர்க்கரை நோயோடு பல குழாய்களிலும் அடைப்பு இருந்தாலோ கணக்கு பைபாஸ் பக்கம் சாய்கிறது. 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், அப்படிப்பட்ட 1,900 பேரில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 16.3 விழுக்காடு, பைபாஸ் குழுவில் 10.9. கத்தி வேண்டாம் என்ற ஆசையில் மட்டும் அதிர்வலையைத் தேர்ந்தெடுப்பதை இந்த எண்களைப் பார்த்த பிறகு என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. மார்புக்கு வெளியிலிருந்து மென்மையான அதிர்வலை தரும் சிகிச்சை வேறு. கால்களில் பட்டை கட்டி அழுத்தித் தரும் ஈ.ஈ.சி.பி. வேறு. மற்ற வழிகளால் தீராத நெஞ்சுவலிக்கு ஆறுதலாகப் பயன்படுத்தப்படுபவை அவை; கால்சியத்தை உடைப்பதோ குழாயைத் திறப்பதோ அவற்றின் வேலை இல்லை. ஊசி வழியாக மருந்து ஏற்றிக் கால்சியத்தைக் கரைப்பதாகச் சொல்லப்படும் கீலேஷன், சர்க்கரை நோயும் முன்பு மாரடைப்பும் உள்ள 1,000 பேரிடம் சோதிக்கப்பட்டது. அதனால் பலன் இல்லை என்று 2024இல் முடிவு வந்தது. குழாயில் படிந்த கால்சியத்தைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் பலன், கொழுப்புப் படிவு வெடித்து மாரடைப்பு வராமல் காப்பதில் இருக்கிறது.

செலவு. ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260 ரூபாய், வரி தனி. அதன்பின் விலைக் குறியீட்டை ஒட்டி இது மாறி வருகிறது. அந்த உச்சவரம்பு ஸ்டென்ட்டுக்குத்தான். ஒரே தடவை பயன்படும் அதிர்வலைக் கதீட்டருக்கு, அதாவது அந்தப் பலூன் கருவிக்கு, இல்லை. அதன் விலை ஸ்டென்ட்டைவிடப் பல மடங்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனித் தொகை வரையறுக்கப்பட்டிருக்கிறது. 5 லட்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மேசையில் படுத்துவிடக் கூடாது. இந்தக் கதீட்டர் அந்தத் தொகைக்குள் அடங்குமா, அடங்காவிட்டால் மருத்துவமனை என்ன செய்யும் என்று காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிலத்தை அடமானம் வைப்பதற்கு முன், நுண்கத்திகள் பதித்த கட்டிங் பலூன், உயர் அழுத்தப் பலூன், ரோட்டாபிளேட்டர் இவற்றில் எதனாலும் இதே பலனைப் பெற முடியுமா என்று இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் தவறில்லை. ஆஞ்சியோகிராம் சி.டி.யைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். படத்தைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை.

இப்படி யோசிக்க நேரம் இருப்பது, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையில் மட்டும்தான். நடவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நம் பக்கத்து வழக்கம். வலி நிலையாக இருந்து, மருத்துவரும் சம்மதித்தால் சில வாரம் பொறுக்கலாம். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தாலோ, வரவர அடிக்கடி வந்தாலோ, வியர்த்துக் கொட்டி இடது கையிலோ தாடையிலோ பரவினாலோ அது வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்த நேரத்தில் ஷாக்வேவ் உள்ள மருத்துவமனை எது என்று தேடாதீர்கள். 108ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போங்கள். இதயம் காப்போம் திட்டத்தின் கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் வேளை ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலோர் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சேர்த்தே சாப்பிட வேண்டியிருக்கும். பல் பிடுங்கும் இடத்திலோ வேறு அறுவைக்குப் போகும் இடத்திலோ நிறுத்தச் சொன்னால், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிக்கையில் எந்தக் குழாய், ஸ்டென்ட்டின் விட்டமும் நீளமும், அதிர்வலை பயன்பட்டதா, ஓ.சி.டி. அல்லது ஐவஸில் கடைசியாக அளந்த பரப்பளவு ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சில ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் முன் உட்கார நேர்ந்தால், அவர் முதலில் தேடப்போவது இந்த விவரங்களைத்தான்.